பத்தொன்பது வாக்குகள்

வென்டில்டேல் தொகுதியில் மஞ்சள் கட்சி கடைசியாக ஜெயித்தபோது ஹெஸ்டர் பாலிஸ்டர் பிறந்திருக்கவே இல்லை. இப்போது அவளுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நர்ஸாகச் சுற்றியவள். ஏழு தேர்தல்களில் மஞ்சள் கட்சி வேட்பாளருக்கு ஏஜென்டாக இருந்து ஏழிலும் தோற்றவள். இந்த எட்டாவதோடு நிறுத்திக்கொள்வதாக முடிவு செய்திருந்தாள். ஒரே ஒரு முறை ஜெயித்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் பாக்கி இருந்தது. அதை ஜெபத்தில் சொல்லக்கூட அவளுக்குக் கூச்சம். கடவுளைக் கட்சியில் சேர்த்த மாதிரி ஆகிவிடுமே.

இந்த முறை காற்று மாறியிருந்தது. வேட்பாளர் ஹ்யூ ஃபாரன்ட் உள்ளூர் மாட்டு வைத்தியர். பாதித் தொகுதியின் கன்றுகள் அவர் கையில்தான் பிறந்தன. ஹ்யூவும் ஹெஸ்டரும் இன்னும் பத்துப் பேரும் குளிர்கால மழையில் ஆறு வாரம் கதவு கதவாகத் தட்டினார்கள். வீட்டுக்கு ஒரு அட்டை. அதில் உறுதி, சந்தேகம், எதிர் என்று மூன்று கட்டங்கள். உறுதிக் கட்டத்தில் விழுந்த கோடுகளைப் பார்த்துத் தலைமையகமே மிரண்டுபோய் ரோவினா என்ற பெண்மணியை லண்டனிலிருந்து அனுப்பி வைத்தது. அவள் எல்லா அட்டைகளையும் கணினியில் ஏற்றி, இரண்டாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வெற்றி என்றாள்.

கை எலும்பு முறிந்து தொங்கும்போதும், "பரவாயில்ல, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று நர்ஸை விசாரிக்கிற ஜனங்கள் அந்தக் கிராமத்துக்காரர்கள். அது ஹெஸ்டருக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆசைப்பட்டவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை வாக்குப்பதிவு. உறுதிப் பட்டியலில் இருந்து கார் இல்லாதவர்களைச் சாவடிக்கு அழைத்துப்போவது ஹெஸ்டரின் பொறுப்பு. மதியம் மூன்று மணிக்கு லோ தார்ன்பி கிராமத்தில் ஆம்ப்ரோஸ் டக்வெல்லை ஏற்றினாள். எண்பது வயது, ஆட்டுப் பண்ணைக்காரர், முழங்காலில் இரண்டு முறை அறுவை சிகிச்சை. ஒரு மைல் தூரம் போனதும் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நர்ஸம்மா, மனசு உறுத்துது. சொல்லிடறேன். நான் நீலக் கட்சிக்குத்தான் போடப்போறேன். என்னிக்கும் அப்படித்தான்."

ஹெஸ்டர் காரை ஓரங்கட்டினாள். பின்னால் வந்த டிராக்டரும் ஹாரன் அடிக்காமல் நின்றது.

"எங்களுக்குத்தான்னு நீங்களே சொன்னதா எழுதியிருக்கே."

"சொன்னேன். நம்ம மாட்டு டாக்டர் வாசல்ல சொட்டச் சொட்ட நின்னாரு. என் ஆடுங்ககூட அப்படி நனைஞ்சதில்ல. அந்த நிலைமையில இருக்கிற மனுஷன்கிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"மத்தவங்க?"

"மத்தவங்களும் மனுஷங்கதானே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் தங்கச்சி உங்களுக்கு டீயே குடுத்தா. அவளும் நீலம்தான்" என்றார். இறக்கிவிடுவதானால் இங்கேயே இறக்கிவிடலாம், தடியூன்றி நடந்துவிடுவேன் என்றும் சொல்லி, கதவுப் பிடியைத் தேட ஆரம்பித்தார்.

அந்த முழங்காலுக்கு மூன்று மாதம் கட்டுப் போட்டவள் ஹெஸ்டர். "சும்மா உக்காருங்க, மிஸ்டர் டக்வெல்" என்று காரைக் கிளப்பினாள்.

அவர் உள்ளே போய் அவள் கட்சிக்கு எதிராக வாக்களித்து முடிக்கும்வரை கிராமக் கூடத்து வாசலில் காத்திருந்தாள். நீலக் கட்சிக்காக அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெண் தன் பிளாஸ்கிலிருந்து அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

டக்வெல்லை வீட்டில் விட்டுவிட்டு ரோவினாவுக்கு போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் ரோவினா எல்லாக் கார்களையும் உடனே நிறுத்தச் சொன்னாள்.

"நாலு மணிக்கு வர்றேன், அஞ்சு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேனே. கோட்டை மாட்டிக்கிட்டு ஜன்னல்ல பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

"அவங்களை ஏத்திட்டுப் போறதுக்கு நாம என்ன டாக்சியா, ஹெஸ்டர்?"

ஹெஸ்டர் போனை வைத்தாள். இரண்டாயிரம் என்பது மரியாதைக்குச் சொன்ன இரண்டாயிரம் என்றால், நிஜத்தில் ஆயிரக்கணக்கில் தோல்விதான். தோற்றது தோற்றாகிவிட்டது, வாக்குக் கொடுத்த இடத்துக்காவது போவோம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் ஆறு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. யாரிடமும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. ஒரு அம்மாளுக்காக மருந்துக்கடையில் வண்டியை நிறுத்தினாள். இன்னொருவரின் நாயையும் ஏற்றிக்கொண்டாள். இருட்டுவதற்குள் இருபத்து மூன்று பேர் அவள் காரில் போய் வாக்களித்திருந்தார்கள்.

மறுநாள் காலை மாவட்ட விளையாட்டு அரங்கில் எண்ணினார்கள். பத்து மணிக்கு ஹ்யூ முந்தினார், பதினொன்றுக்குப் பின்தங்கினார். இரண்டு முறை மறுபடியும் எண்ணினார்கள். கடைசியில் நீலக் கட்சி பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது.

ரோவினா ஹெஸ்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கணினியை மூடினாள். திட்டவில்லை, வந்த சில வாரங்களில் அவளும் அந்த ஊர்க்காரியாகியிருந்தாள்.

ஹ்யூ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நேத்து எத்தனை பேர்?"

"இருபத்து மூணு."

"நானும் ரெண்டு பேரை ஏத்தினேன். ஒருத்தர் கோட்டுல நீலப் பட்டையே குத்தியிருந்தார். பஸ் வரல, பாவம்." தரையைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "பத்தொன்பதுன்னு நேத்தே தெரிஞ்சிருந்தா, ஏத்தியிருப்பீங்களா?"

நிச்சயமா என்று சொல்லிவிடலாம். தார்ன்பியில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கேட்பவருக்கும் ஆறுதலாக இருக்கும்.

"தெரியல, ஹ்யூ. மாட்டேன்னுதான் நினைக்கிறேன்."

அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். அதற்குள் ஜெயித்தவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இருவரிடமும் கைகுலுக்கினார். "மிஸஸ் பாலிஸ்டர், உங்களை மாதிரி உழைக்கிறவங்க எங்க பக்கம் ஒருத்தர்கூட இல்லை" என்றார், மனதார. ஹெஸ்டர் நன்றி சொன்னாள். அந்த உழைப்பில் ஒரு மதியப்பொழுது அவருக்கே போய்ச் சேர்ந்ததைச் சொல்லி, ஜெயித்த நாளில் அவரைச் சங்கடப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டாள்.

வெளியே தன் காரில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். அழுகை வந்தது, கொஞ்சம் அழுதாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கடவுளிடம் கேட்கத்தான் கையைக் கூப்பினாள். ஆனால் கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலில் காத்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பத்தொன்பது என்ற எண் கண்ணில் பட்டிருந்தால் அந்த வீடுகளைப் பார்க்காத மாதிரிக் கடந்து போயிருப்பாள். அந்த எண்ணை வியாழக்கிழமை முழுக்கத் தன்னிடமிருந்து ஒளித்து வைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, காரைக் கிளப்பினாள்.