மாலை 6.10 அறிவிப்பு

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யார் என்ன வதந்தியைப் போட்டாலும் மரிய அந்தோணி ஒரு லிங்க் போடுவான். செய்தித் தளத்தில் வந்த அரசு அறிவிப்பு. கூட ஒரு வார்த்தை எழுதமாட்டான். அமெரிக்காவில் அவன் இருக்கும் ரவுண்ட் ராக்கிலிருந்து லிங்க் வந்துவிட்டால் ஊரில் பேச்சு முடிந்தது.

அக்கா கிருபாராணி கேட்டபோதும் அதைத்தான் செய்தான். ஊரில் ஐந்து நாளாக மழை. அத்தான் செல்வதாஸ் வேலையாகக் கொச்சியில் இருந்தார்.

"அணைய தொறக்கப் போறாங்கன்னு சொல்லுதாங்க தம்பி. பள்ளிக்கூடத்துல போய் இருந்துக்கிடவா?"

அவனுக்குக் காலை, ஊரில் இரவு. மீட்டிங்குக்கு நடுவே தேடி அனுப்பினான். அணை திறக்கப்படாது, மக்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்றிருந்தது. அக்கா பதிலுக்குக் கட்டைவிரல் போட்டாள்.

விடிவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

விசா புதுப்பிப்பில் இருந்தது. போனால் திரும்ப முடியாது. அக்காவின் அடக்கத்தை ஃபோனில் பார்த்தான்.

ஒன்பதாம் நாள் அந்த லிங்கைத் திறந்தான். அதே தலைப்பு. அதே நேரம், மாலை 6.10. உள்ளே மட்டும் வேறு. அணை திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் உடனே வெளியேற வேண்டும். திருத்தியதாக ஒரு வரிகூட இல்லை.

மனைவி ஆன்லினிடம் காட்டினான்.

"இப்ப கரெக்டாத்தானே இருக்கு," என்றாள். "அத்தான்கிட்ட எதுக்கு சொல்லணும்? விடுங்க."

அவன் அத்தானைக் கூப்பிட்டான்.

"நானே பேசணும்னு இருந்தேன் மாப்ளே," என்றார் செல்வதாஸ். "குரூப்ல பாத்தேன். வெளிய போங்கன்னு நீ அப்பவே அனுப்பியிருக்க. கட்டைவிரலும் போட்டுட்டு வீட்லயே இருந்திருக்கா."

"அப்ப அப்படி இல்ல அத்தான். வீட்ல இருக்கலாம்னுதான் இருந்துச்சு. பின்னால மாத்திட்டாங்க."

"கவர்மென்ட் அறிவிப்பு மாப்ளே. நேரம் போட்டிருக்கு பாரு."

"நான் படிச்சேன் அத்தான். என்னாலதான் அவ வீட்ல இருந்தா."



"அவ பேரைக் காப்பாத்தப் பாக்க நீ," என்றார் அத்தான். "உனக்கு அக்கா. எனக்குத்தான் ஆத்தாமையா இருக்கு. நீ சொன்னதை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அவ. கல்லறைக்கு நான் இன்னும் போகல. போகவும் மாட்டேன்."

அந்தோணி மறுபடி முதலிலிருந்து சொன்னான். ஸ்பீக்கரில் பஸ் ஹாரன் கேட்டது. அத்தான் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார்.

"உனக்கு வேலைக்கு நேரமாவுதுல்லா," என்றார். "கெளம்பு."