மேற்குச் சுவரின் அடிப்பூச்சு

தடதடவென்று சரிந்து விழுந்தது வேதக்கோயிலின் கிழக்குச் சுவர். மூன்று நாள் ஐப்பசி மழை ஓய்ந்த காலை. உள்ளே ஆளில்லாததால் உயிர் எதுவும் போகவில்லை. பந்தல்குடிப் பக்கத்து அந்தச் சிற்றூரே ஓடி வந்து, நூறு வருஷத்து மண்கோயிலைச் சுற்றி நின்றது.

மரியசெல்வி வந்து நின்றதுதான் தாமதம், சபைத் தலைவர் அமிர்தராஜ் அவள்மேல் பாய்ந்தார்.

"வாடி வா! இப்பக் குளுந்துச்சா நெஞ்சு? கோடையில நீ கோயில் சுவரைக் கொத்துனதை யேசுதாசன் கண்ணால பாத்திருக்கான்."

"ஆமா, கடப்பாரையும் கையுமா நின்னா," என்றான் யேசுதாசன்.

"அது பூச்சுக் கரண்டிடா. வேலைக்குப் போயிருந்தாத்தான ஒனக்கு வித்தியாசம் தெரியும்?" என்றாள் மரியசெல்வி.

கூட்டத்தில் சிரிப்பு. அமிர்தராஜுக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

முன்பெல்லாம் புரட்டாசி தோறும் சபைப் பெண்கள் செம்மண்ணோடு வரகு வைக்கோலை மிதித்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் புளிக்கவைத்துச் சுவருக்குப் பூசுவார்கள். முன்னால் நின்று பூசுகிறவள் மரியசெல்வி. 'வெள்ளைக்காரனே போகப்போறான், இன்னும் மண்ணா?' என்று அதை நிறுத்தியவர் அமிர்தராஜ். சிமிண்டு கிடைக்காத காலத்தில் அலைந்து பெர்மிட்டு வாங்கி, நாலு சுவருக்கும் பூசி இரண்டு வருஷமாகிறது.

"ஒன்னைச் சபையை விட்டே நீக்குறேன். ஒம் மக ரோஸிக்கு ரெண்டாவது ஓலை எப்படி வாசிக்கிறாகன்னு பாக்குறேன்!"

கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், ஒன்றுதான் முடிந்திருந்தது. ஓலை நின்றால் மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

மரியசெல்வி குனிந்து, சரிந்த மண்ணுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். களி மாதிரி கொழகொழத்தது. சிமிண்டு மட்டும் பாளம் பாளமாக விறைத்துக் கிடந்தது.

"கூரை இடுக்குல எறங்குன தண்ணி, சிமிண்டு அடைச்சதால வெளியேற வழியில்லாம உள்ளயே நின்னு மண்ணை ஊறவச்சிருக்கு. இந்தச் சுவரை நான் தொடவேயில்லை அண்ணாச்சி. நான் கொத்துனது மேற்குச் சுவரை. அடியில முழ உயரத்துக்குச் சிமிண்டைப் பேத்துட்டு மண்ணைப் பூசுனேன். வந்து தொட்டுப் பாருங்க."

"பெரிய இஞ்சினியரு இவ!"

"தொடப் பயமா இருக்கா?"

கூட்டம் அவரையே பார்த்தது. அமிர்தராஜ் விறுவிறுவென்று மேற்கே நடந்தார். யேசுதாசன் கூடவே கிளம்பினான்.

"நீ அங்கனயே நில்லுலே!"

மரியசெல்வி மட்டும் பின்னால் போனாள். அவர் உட்கார்ந்து அடிச்சுவரை விரலால் நோண்டினார். மேலே லேசான ஈரம். உள்ளே மண் உலர்ந்து, இறுகி, நகத்தை உடைத்தது. கூட்டம் இருந்த பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்தபடி சொன்னார்:

"ஓலையை வாசிக்கச் சொல்றேன்; ஆனா அன்னைக்கு இந்தச் சுவரைக் கொத்தச் சொன்னதே நான்தான்னு அத்தனை பேருக்கும் முன்னால வந்து சொல்லு."