தன்னாமுனைக்கு வந்த கொழும்புச் சதுப்பு

கொழும்பின் கிழக்கோரத்துச் சதுப்பு நிலம் ஒன்று, மாசி மாதத்து வெள்ளிக்கிழமையில், ஏறாவூர்ப் பள்ளிவாசல்களில் ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம், மட்டக்களப்புப் பக்கத்துத் தன்னாமுனை வாவிக்கரையில் வந்து படுத்துக்கொண்டது. எந்த வழியால் வந்தது என்று எவரும் காணவில்லை. வரும்போது தன் நாணல்களையும் நீர்க்காகங்களையும் கபரகொய்யா என்கிற நீருடும்புகளையும், சொகுசு மாடிமனைகள் இங்கே எழும்பப்போவதாக மூன்று மொழியிலும் சொல்லும் விளம்பரப் பலகை ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. அன்று செங்கலடிச் சந்தையில் தக்காளி மலிவு. சனம் அதைப் பற்றியும் இதைப் பற்றியும் ஒரே மாதிரித்தான் பேசிக்கொண்டது.

வந்திருப்பது யார் என்று முதலில் கண்டுபிடித்தவர் பொறியியலாளர் றுக்ஷானா. ஏறாவூரில் பிறந்தவர், கொழும்பில் வடிகால் வேலைக்குப் பொறுப்பாக நீண்டகாலம் இருந்தவர். நகரத்தின் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. அது பெரும்பாலும் இந்தச் சதுப்புக்குள்தான் போனது. அதை நிரப்பிக் கோபுரங்கள் கட்ட முடிவானபோது கூட்டத்துக்குக் கூட்டம் எழும்பி நின்று வேண்டாம் என்றார். முதலீடு வருகிற நேரத்தில் அபசகுனம் பேசுகிறார் என்று, அவர் பேசத் தொடங்கினாலே தேநீர் கொண்டுவரச் சொல்லிவிடுவார்கள். மண் லொறிகள் வரிசையில் வந்து கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் இடமாற்றம் கேட்டு ஊருக்கே வந்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை ஸ்கூட்டியைக் கரையில் நிறுத்தியவர், நீர்மட்டம் பார்க்கக் கொழும்பில் தானே நட்டு வர்ணம் பூசிய சீமெந்துத் தூண் நாணலுக்குள் நிற்பதைக் கண்டு சத்தமாகச் சிரித்தார். பிறகு முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சதுப்பு வந்ததால் வாவிக்கு ஒரு குறையும் இல்லை. அதன் நாணல் வேருக்குள் இறால் பெருகியது. மீனவர் சங்கத் தலைவர் அருமைநாயகம் வீசின வலையைத் தூக்க முடியாமல் வவுணதீவுப் பக்கத்திலிருந்து ஆள் கூப்பிட்டார். கொழும்பில் இருந்ததாலோ என்னவோ, விடியற்காலையில் சதுப்பிலிருந்து டீசல் புகை மணமும் சுடச்சுட ரோஸ் பாண் ரொட்டி வாசமும் வந்தன. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது.

வைகாசியில் கொழும்பில் மழை தொடங்கியது. போக இடமில்லாத தண்ணீர் வீதிகளில் நின்றது. பிறகு வீதிகளிலேயே குடியிருந்தது. வங்கிகளின் முன்கதவுகளில் தோணி கட்டினார்கள். பங்குச் சந்தை நடந்த மண்டபத்தில் விரால் மீன் குஞ்சு பொரித்தது. மொத்தக் கடைத்தெருவில் மாவும் வெங்காயமும் ஊறி முளைவிட்டன. துறைமுகத்தில் கொள்கலன் பெட்டிகள் மலையாகக் கிடக்க, அவற்றை ஏற்ற வந்த லொறிகள் கூரை வரை நனைந்து நின்றன. நாட்டுக்கு வருகிற சாமான் எல்லாம் அந்த ஒரு வாசலால்தான் வரவேண்டும் என்று எப்போதோ யாரோ ஏற்பாடு செய்திருந்தபடியால், செங்கலடிக் கடைகளில் மாவு இல்லாமல் போனது. பிறகு பால்மா. பிறகு சமையல் வாயு.

செய்தியைப் பார்த்த முதல் நாள் றுக்ஷானாவின் மனதுக்குள் ஒரு சந்தோசம் வரத்தான் செய்தது. நான் சொன்னேனே என்று சொல்லிக்கொண்டே மத்தியானம் சோறு தின்றார். அந்தச் சந்தோசம் பின்னேரம் வரைதான் நின்றது. பின்னேரம் அருமைநாயகம் இறால் கூடையோடு வந்து, கூடையைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"மிஸ், வீட்டுக்காரிக்குப் போடுற இன்சுலின் எங்கயும் இல்ல. கொழும்பில மருந்து வச்சிருந்த இடத்துக்குள்ள தண்ணி பூந்திட்டாம். ஆஸ்பத்திரியில கிடந்ததும் முடியுற மாதிரித்தான்."

அவர் மனைவி அன்னப்பூரணியின் நீரிழிவு ஊரறிந்தது. றுக்ஷானா கூடையை வாங்கி வைத்தார்.

"அண்ணன், இந்தச் சதுப்பு திரும்பிப் போகணும். போனா உங்கட இறாலும் போயிரும்."

"இறால் கிடக்கட்டும் மிஸ். அவ இரிக்கணும்."

அந்தக் கிழமையே தலைநகரிலிருந்து உதவிச் செயலாளர் வினாயகமூர்த்தி மண்வெட்டி இயந்திரங்களோடும் லொறிகளோடும் வந்து சேர்ந்தார். சதுப்பை வெட்டி ஏற்றினார்கள். மகாஓயாவைத் தாண்டுமுன் லொறிகளில் காய்ந்த மணல்தான் மிஞ்சியது. சதுப்போ வெட்டிய இடம் தெரியாமல் கரையிலேயே கிடந்தது. வினாயகமூர்த்தி நல்ல மனிதர். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு றுக்ஷானாவின் அலுவலகத்துக்கு வந்தார்.

"என்ன செய்தால் வரும், மிஸ்?"

"அதுட இடத்துல ஆள் இருந்தா எப்பிடி வரும், சேர்? முதல்ல இடத்த விடுங்க."

இருவரும் கொழும்புக்குப் போனார்கள். கூட்டம் நடந்த மண்டபத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பெரியவர்கள் காற்சட்டையை மடித்துவிட்டு மேசைகளைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். றுக்ஷானா பழையதைப் பேசவில்லை. கோபுரத்துக்கு இறக்கிய தூண்களைப் பிடுங்க வேண்டும், கொட்டிய மண்ணை அள்ள வேண்டும் என்றார். மருந்தையும் மாவையும் ஒரே நகரத்தில் குவிக்காமல் செங்கலடி போன்ற ஊர்களிலும் களஞ்சியம் கட்ட வேண்டும், திருகோணமலையிலும் கப்பல் இறக்க வேண்டும் என்றார். ஒப்பந்தத்தை மீறினால் முதலீட்டாளர்கள் போய்விடுவார்கள் என்று ஒருவர் கவலைப்பட்டார்.

"தண்ணிக்கு இருக்க இடம் குடுக்காட்டி அது உங்கட கதிரையிலதான் இரிக்கும். அதோட எந்த முதலீட்டாளர் வந்து பேசப் போறார்?" என்றார் றுக்ஷானா.

அந்தக் கூட்டத்தில் யாரும் தேநீர் கேட்கவில்லை. தூண்கள் பிடுங்கப்பட்டன, கொட்டிய மண் அள்ளப்பட்டது.

அதன்பின் அவர் தன்னாமுனைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் வரை சேற்றுக்குள் இறங்கி நின்று, நோயாளியைப் பார்க்கப் போனவர் பேசுவது போலப் பேசினார். இடம் சுத்தமாக இருக்கிறது என்றார். அங்கே பிள்ளைகள் கட்டிலுக்கு மேல் இருந்து படிக்கிறார்கள் என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு செங்கலடிச் சந்தியால் திரும்பி பதுளை வீதியில் நடக்கத் தொடங்கினார். சதுப்பு எழும்பி, வீதியின் இடது பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, கன்றுக்குப் பின்னால் போகிற மாடு மாதிரி அவருக்குப் பின்னால் போனது. கரடியனாறு வரைக்கும் அருமைநாயகமும் கூட நடந்தார். மகாஓயாவில் சிங்களப் பெண்கள் றுக்ஷானாவுக்குத் தேநீரும் சதுப்பின் பறவைகளுக்கு நெல்லும் கொடுத்தார்கள். மலையில் சதுப்புக்குக் குளிர் பிடித்து மேலெல்லாம் பனி மூடியது. நின்று நின்று ஏறியது. கால் வெடித்து இரத்தம் கசிந்தபோதும் றுக்ஷானா வாகனத்தில் ஏறவில்லை. ஏறினால் அது நம்பாது என்று அவருக்குப் பட்டது.

கொழும்பில் அது தன் பழைய இடத்தில் படுத்து ஒரு பெருமூச்சு விட்டது. அன்று பின்னேரமே வீதிகளில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மருந்து ஏற்றிய முதல் லொறி மட்டக்களப்புக்கு வந்தபோது அன்னப்பூரணி, மிஞ்சியிருந்த மருந்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டு அதுவும் முடிந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயங்கிக் கிடந்தார். ஊசி போட்ட மறுநாள் எழும்பி இருந்து, பசிக்கிறது என்றார். அருமைநாயகம் வெளியே போய், பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதுவிட்டு வந்தார்.

இப்போது செங்கலடியில் களஞ்சியம் இருக்கிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து வேலை இல்லாமல் இருந்த பிள்ளைகள் பலர் அங்கேதான் வேலை செய்கிறார்கள். கொழும்பில் மழை ஓய்கிற தை மாதக் கடைசியில் சதுப்பு, ஒருவரும் கூப்பிடாமலே, பதுளை வீதியால் தன்னாமுனைக்கு வந்து சில கிழமை தங்கிவிட்டு, சித்திரைக்கு முன்னர் திரும்பிப் போகிறது. அது சந்தியைக் கடக்கும்வரை பஸ்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு நிற்கும். கொழும்புக்குப் போகிறவர்கள் இறங்கி வடை வாங்கித் தின்பார்கள். ஒருவரும் ஹோர்ன் அடிப்பதில்லை.