சிவப்பு அரை டாலர்

"விலை அப்புறம். முதல்ல இது எந்த வருஷத்துக் காசுன்னு சொல்லு" என்று வெர்னா அந்த அரை டாலரை மேஜைமேல் வைத்தாள்.

பௌலிங் கூடத்தின் பின்னறையில் மாதம் ஒரு ஞாயிறு நாணயச் சந்தை. அங்கே கடை போடும் ஆர்லோ, வெர்னாவின் கணவன் லைலோடு இருபது வருஷம் பந்து உருட்டியவன். லைல் போன குளிர்காலத்தில் இறந்துபோனான்.

காசின் தலைப் பக்கம் முழுக்க நெய்ல் பாலிஷ். செக்கச்செவேல்.

"பாட்டுப் பெட்டிக் காசு! எங்கே கிடைச்சுது?"

"அவன் பர்ஸ்ல, லைசென்ஸுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்தான் மனுஷன்."

ஆர்லோ சீட்டியடித்தான். விஸ்கான்சினில் அந்தக் காலத்து பார்களில் இது வழக்கம். கூட்டம் மந்தமாக இருந்தால் பணிப்பெண் ஜூக்பாக்ஸ் பாட்டுப் பெட்டியில் கடைக் காசைப் போட்டுப் பாட்டை ஓட விடுவாள். அந்தக் காசுக்குத்தான் சிவப்பு. பெட்டியைத் திறந்து வசூலிக்க வருகிறவன் சிவப்பையெல்லாம் பொறுக்கிக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஊரிலிருந்த எல்லாப் பெட்டிக்கும் வசூல்காரன் லைல்தான். ஒரு சிவப்பைக்கூட அமுக்காதவன் என்று பெயர் வாங்கியவன்.

"யாரோட காசுன்னு தெரியணுமா?"

"டார்லீனோடதா, என்னோடதான்னு தெரியணும்."

பாலத்தடி பாரில் வேலை பார்த்த டார்லீனோடு லைல் சுற்றியது ஊருக்கே தெரியும். அறுபத்தெட்டில் அவள் வேலையை விட்டுப் போனாள். அந்த இடத்துக்கு வந்தவள்தான் வெர்னா. எழுபத்தொன்றில் லைலுக்கும் அவளுக்கும் கல்யாணம்.

"செத்தவன்மேல இன்னும் சந்தேகமா?"

"சாவு வீட்டுல என்னைவிடச் சத்தமா அழுதாளே, பார்த்தியா? உருளைக்கிழங்கு வேற சுட்டு எடுத்துட்டு வந்தா. அதைச் சுட்ட கண்ணாடித் தட்டை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கலை."

ஆர்லோ சிரிப்பை அடக்கிக்கொண்டு காசைச் சாய்த்துப் பிடித்தான். "விளிம்பைப் பாரு. நடுவுல செம்புக் கோடு பளிச்சுன்னு தெரிஞ்சா எழுபத்தொண்ணோ, அதுக்கும் பின்னாடியோ."

அப்படியென்றால் கல்யாணத்துக்கு அப்புறமும் ஏதோ நடந்திருக்கிறது! வெர்னா விளிம்பை எட்டிப் பார்த்தாள்.

"கோடு இல்லை." தராசில் வைத்தான். "பதினொன்றரை கிராம். அறுபத்துநாலு காசுன்னா பன்னிரண்டரை இருக்கும். இது அதுக்கு அப்புறம் வந்தது. மேலே வெள்ளித் தகடு, உள்ளே செம்பு அதிகம். மொத்தத்துல நூத்துக்கு நாப்பது வெள்ளி. அறுபத்தஞ்சுல இருந்து எழுபதுக்குள்ள."

"அதுல பாதி அவ காலம், பாதி என் காலம்."

"வருஷம் பூச்சுக்கு அடியில இருக்கு. துடைச்சா தெரிஞ்சுடும். எழுபதுன்னா விலையும் கூடும்."

"துடை."

ஆர்லோ பஞ்சை அசிட்டோனில் நனைத்தான். எதையும் தொடுவதற்கு முன் லென்ஸை வைத்துப் பார்ப்பது அவன் பழக்கம்.

"சுத்தமாவும் பூசலை. ஈரத்துல யாரோ பெருவிரலை வெச்சு அழுத்தியிருக்கான். ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டு வேற."

பஞ்சு காசை நெருங்கியது.

"கையை எடு!"

பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெர்னா லென்ஸைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தாள். பெட்டி மூடி விழுந்து வெட்டிய லைலின் விரல். நாற்பது வருஷம் அவள் தோளைத் தட்டிய விரல்.

அவள் பாரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. கவுண்டரில் காசைப் பரப்பிப் பூசிக்கொண்டிருந்தாள். பெட்டி திறக்க வந்தவன் ஒன்றை எடுத்தான்.

"யோவ், இன்னும் காயலை!"

"இதைப் போட்டா உனக்கு என்ன பாட்டு வேணும்?"

"எதையாவது போட்டுத் தொலை."

சிவந்த விரலை அவளுடைய ஏப்ரனிலேயே துடைத்துவிட்டுப் போனான். பெட்டி பாடியது, ஏதோ ஒரு போல்கா நடனப் பாட்டு. எட்டி உதைக்கலாம் போலவும் இருந்தது, எழுந்து ஆடலாம் போலவும் இருந்தது. அன்று கணக்கில் ஒரு சிவப்பு குறைந்தது. பெட்டி விழுங்கிவிட்டது என்று முதலாளியம்மாளிடம் சொல்லிச் சமாளித்தாள்.

பெட்டி விழுங்கவில்லை. அதில் அவன் போட்டது தன் சொந்தக் காசை.

"கள்ளப்பய" என்றாள் வெர்னா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ஆர்லோ பஞ்சைக் குப்பையில் போட்டான். "அப்போ வருஷம் வேண்டாமா? வெள்ளிக்கு மூணு டாலர் தரேன். பெயின்ட் அடிச்ச காசு, சேகரிக்கிறவன் சீந்த மாட்டான்."

"நீ வாங்கிக் கிழிச்சே." காசைக் கைக்குட்டையில் பொதிந்து கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தாள்.

"எங்கே அவசரமா? பிராந்தி சாப்பிட்டுட்டுப் போயேன்."

"வீட்டுக்குப் போயிட்டு, அப்படியே டார்லீன் வீட்டுக்கு. பாவம், அந்தத் தட்டு இல்லாம எதுல சுடுவா?"