படுக்கையறைக் கதவில் வைத்த பாடம்

லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. படிப்பைப் பாதியில் விட்டவன். இரவெல்லாம் ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு இழுத்துவிட்டு, இமையில் ஒட்டிய மாவோடு காலையில் புத்தகத்தைத் திறப்பான். தூங்கி எழுந்தால் படித்தது துடைத்து விட்டாற்போல் போயிருக்கும். லிஃப்ட் மெக்கானிக் உரிமம் கிடைத்தால் பகல் வேலை. போன தேர்வில் கோட்டை விட்டாயிற்று. இதையும் விட்டால் ரொட்டிதான் கதி.

நர்ஸ் வேலை பார்க்கும் தங்கை வழி சொன்னாள். "உடம்புல இருக்கற எலும்பெல்லாம் எப்படிப் படிச்சேன்னு நினைக்கிற? மனசாலயே நம்ம பழைய ஸ்கூலுக்குள்ள ஒவ்வொண்ணா கொண்டுபோய் வச்சேன். நீயும் தெரிஞ்ச வீட்டுல வையிண்ணா. மனசுக்குள்ள நடந்து போனா வரிசையா எடுத்துக்கலாம்."

இப்போது அவன் இருப்பது ஒற்றை அறை. கட்டில், ஜன்னல், அத்தோடு சரி. வேறு வழியில்லாமல், மனைவியோடு குடியிருந்த வாடகை வீட்டுக்குள் போனான். அவள் பிரிந்துபோன பின் சாவியையும் வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. மண்டைக்குள் இருக்கும் வீட்டுக்கு யார் சாவி கேட்கப்போகிறார்கள்?

வாசற்படியில், லிஃப்ட் எங்கே நிற்கிறதென்று பார். இடப்பக்கம் படுக்கையறைக் கதவில், உள்ளே இருப்பவரிடம் பேசு. சமையலறையில், மின்சாரத்தை நிறுத்து. பால்கனியில், மோட்டாரின் கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டு வா.

வித்தை பலித்தது, ஒன்றைத் தவிர.

"எங்க நிக்குதுன்னு பாக்கணும். கரண்டை நிறுத்தணும்," என்று ஒப்பித்தான்.

"உள்ள இருக்கறவன் பயந்து சாகட்டும்னு விட்டுட்டியா?" என்றாள் தங்கை. "எப்பக் கேட்டாலும் அதையே முழுங்கற. எங்க வச்ச அதை?"

"பெட்ரூம் கதவுல."

அண்ணி அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்த நாட்கள் தங்கைக்கும் தெரியும். வேலை முடிந்து வருகிறவன் கதவைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பான். அப்புறம் ஹாலில் படுத்துக்கொள்வான். கால் பழகிய வழி அது.

"அதைத் தூக்கி செருப்பு ஸ்டாண்டுல வச்சுத் தொலை."

"அங்கயே இருக்கட்டும்."

"பிடிவாதத்துக்குக் குறைச்சல் இல்ல. நல்லா பதிஞ்சிட்டா அப்புறம் வீடே தேவைப்படாது, பாரேன். தானா வாயில வந்துடும்."

நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். அவனுக்கு அப்படிப் படவில்லை. உண்மையிலேயே இப்போதெல்லாம் சமையலறைக்குப் போகாமலே கரண்ட் ஞாபகம் வந்துவிடுகிறது. அடுப்பருகே துண்டில் கை துடைத்துக்கொண்டு நிற்கும் மனைவி மங்கிக்கொண்டே வருகிறாள். பால்கனியில் அவள் உலர்த்திய துணி என்ன நிறம் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

தேர்வறையில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் தலை நிமிராத ஆய்வாளர். கேள்விகளுக்கெல்லாம் பதில் தண்ணீர்பட்ட பாடாக வந்தது. வீட்டுப் பக்கம் போகவே இல்லை.

"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா?"

"எங்க நிக்குதுன்னு பாக்கணும் சார்."

"அப்புறம்?"

அதற்கு மட்டும் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. கால் சமையலறைப் பக்கம் இழுத்தது. நிறுத்தினான். கதவின் முன் நின்றான்.

"உள்ள இருக்கறவங்ககிட்டப் பேசணும்."

"என்னன்னு?"

"நான் வந்துட்டேன், வெளியிலதான் நிக்கறேன், போக மாட்டேன்னு."

"பதிலே வரலைன்னா?"

"வரலைன்னாலும் பேசணும் சார்."

ஆய்வாளர் தலை நிமிர்ந்தார். "சரி. அடுத்தது?"

அடுத்தது நாக்கு நுனியிலேயே இருந்தது. அவன் கதவில் காதை வைத்திருந்தான்.

"என்னப்பா, மறந்துபோச்சா?"

"இல்ல சார். ஒரு நிமிஷம்."

ஆய்வாளரின் பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது. அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும் ஓசைகூட இல்லை.

"கரண்டை நிறுத்தணும்," என்றான்.