அம்மாவின் கைவண்ணம்
மகளின் மூக்கைச் சுற்றிச் சின்ன வயதிலேயே சிவப்புப் பருக்கள் முளைத்தன. ஊரார் முகத்தையெல்லாம் அழகாக்கும் பியூட்டிஷியன் அம்மா சும்மா இருப்பாளா? தினமும் க்ரீம் பூசி, பவுடர் ஒற்றி, இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடுவாள். மகள் வேலைக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை.

இன்று மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவளின் முகத்தை நர்ஸ் துடைத்ததும் டாக்டர் திடுக்கிட்டார்.

"இது பருவே இல்லம்மா. ஜீன்ல வர்ற அபூர்வ நோயோட அடையாளம். அதுதான் நுரையீரலைச் சல்லடையாக்கியிருக்கு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மருந்து கொடுத்துத் தடுத்திருக்கலாம். இப்ப கை மீறிப் போச்சு. இத்தனை வருஷத்துல ஒரு டாக்டர் கண்ணுலகூடவா படல?"

அம்மா கையிலிருந்த மேக்கப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

மகள் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிப் பெருமையாகச் சொன்னாள்:

"எங்கம்மா கை பட்டா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, டாக்டர்."