லேபிள் ஒட்டிய பாட்டில்

இத்தாலியின் நேய்வே மலையூருக்கு டெல்ஃபினா வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி. அந்த நேரத்துக்கு யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பிட உட்கார வைக்கிற ஊர் அது. அதைக் கணக்குப் பண்ணித்தான் தூரினோ நகரத்தில் ரயில் ஏறினாள். அறுபத்தெட்டு வயதில் இந்தக் கள்ளத்தனம்கூட இல்லாவிட்டால் எப்படி?

தம்பி செவெரீனோ அவளோடு பேசிப் பன்னிரண்டு வருஷமாகிறது. தன் பங்குத் திராட்சைத் தோட்டச் சரிவை அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியூர்க்காரனுக்கு விற்றவள் அவள். கணவன் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்த மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று வருஷமாகத் தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, தொலைக்காட்சிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தம்பி வாய்க்கு வந்தபடி திட்டட்டும், அவன் அடுப்படி மேஜையில் ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்று ஏங்கிப்போயிருந்தாள்.

கதவைத் திறந்தவன் திட்டவில்லை. 

"வாக்கா. பயணமெல்லாம் சௌகரியமா?"

முன்னறையில் உட்கார வைத்தான். வெளிநாட்டுக்காரர்கள் வந்து அவன் ஒயினைச் சுவைத்துப் பார்த்து வாங்கிப்போகும் அறை. மெல்லிய கண்ணாடிக் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துடைத்தான். பத்து வருஷம் நிலவறையில் கிடந்த பாட்டிலைத் திறந்தான். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால், அக்காவுக்கு என்ன ஒரு மரியாதை என்று வாயைப் பிளந்திருப்பார்கள். இந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெரியாதா? சொந்தக்காரர்களுக்கு இங்கே யாரும் லேபிள் ஒட்டிய பாட்டிலைத் திறப்பதில்லை. பீப்பாயிலிருந்து கூஜாவில் பிடித்த புளிப்பு ஒயினை, அடுப்படியில், தண்ணீர் குடிக்கிற தம்ளரில் ஊற்றித் தருவார்கள்.

"எதுக்குடா இதெல்லாம்? வீட்டு ஒயினையே ஊத்து. உள்ள போய் உக்காந்து குடிப்போம்."

"அது எங்களுக்குக்கா. வந்தவங்களுக்கு அதைக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

உள்ளேயிருந்து வெங்காயம் வதங்கும் வாசனையும் அவன் மனைவி இர்மாவின் குரலும் சேர்ந்து வந்தன.

"ஏங்க, சூப் ஆறிப்போகுது! யாரு வந்திருக்கா?"

"ஒயின் பாக்க வந்திருக்காங்க. இதோ வந்துட்டேன்."

டெல்ஃபினா கோப்பையை எடுத்தாள். ஒரு மிடறு குடித்தாள். "அருமையா இருக்கு" என்றாள். பிறகு, வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதைப் போலவே, அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

செவெரீனோ யோசிக்காமல் நேரத்தைச் சொன்னான்.